இது எத்தனையாவது

ஜூன் 10

பொட்டு, இந்த நோட்டு உனக்கு எழுதுவதற்காகக் கொடுத்தது இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஃப்ளோரா சிஸ்டர் கொடுத்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அசைகிறது என்று தேதி போட்டு எழுதிவரச் சொன்னார்கள். அதை முன்பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் இருந்து உனக்கு எழுதுகிறேன். இரண்டும் நடுவில் வந்து முட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ஏழாவது வரைக்கும்தான் படிப்பு. உனக்கு அதுவும் இல்லை. ஆறு நாள் இருந்தாய். பெயர் வைப்பதற்குள் போய்விட்டாய். நெற்றியில் வைத்த மைப்பொட்டு உன் முகத்தில் பாதி இருந்தது. அதனால் நான் மட்டும் மனசுக்குள் பொட்டு என்று கூப்பிட்டுக்கொண்டேன். உங்கப்பாவுக்கும் அது தெரியாது.

காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி, ஸ்கேன் முடிந்து, வீடு வந்து சேர நாலு மணி. ஐந்தரை மாதம் ஆகிறது. பிள்ளையின் தலைக்குப் போகிற ரத்தம் வேகமாக ஓடுகிறதாம். வேகமாக ஓடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். இல்லையாம். ரத்தம் நீர்த்துப் போனால்தான் அப்படி ஓடுமாம். உனக்கு வந்த அதே வியாதி என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

கால் வீங்கியிருக்கிறது. உலை வைக்க வேண்டும்.

ஜூன் 12

அசைவு ஒன்பது. பத்து நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. இருக்கிற துணி எல்லாம் துவைத்தேன்.

ஜூன் 14

வேலைக்குப் போனேன். உட்கார்ந்து செய்கிற வேலைதான், பரவாயில்லை. இப்போதே அடுத்த வருடத்துத் தினசரிக் காலண்டர் ஓடுகிறது. அச்சடித்து வெட்டி வருகிற தினத்தாள்களை வரிசை சரியாக இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கட்டு வைக்க வேண்டும். உங்கப்பா அடுத்த கட்டிடத்தில் மிஷின் ஓட்டுகிறார். அவர் அடிக்கிற தாள்தான் என் கைக்கு வருகிறது.

ஜனவரி 23 நீ பிறந்த நாள். 28 நீ போன நாள். ஒரு கட்டுக்கு ஒரு தடவை இரண்டும் என் விரலில் படும். இன்று எத்தனை கட்டு பார்த்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் விரல் நுனி எரிந்தது.

ஜூன் 18

மறுபடியும் மதுரை. டாக்டரம்மா என் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

“இதுக்கு முன்னாடி ஒரு பிரசவம். அந்தப் பொண்ணு ஆறாம் நாள் இறந்துருச்சு. சரி. அதுக்கும் முன்னாடி ஏதாவது உண்டாம்மா? நாள் தள்ளிப்போயிக் கலைஞ்சது, கழுவிவிட்டது, எதுவா இருந்தாலும் சொல்லலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா சொல்லிவிட்டார். “இல்லைங்க டாக்டர். எங்களுக்கு அதுதான் தலைப்பிள்ளை.”

“வழக்கமா முதல் பிள்ளை தப்பிச்சுரும். அதுக்கே அவ்வளவு வந்திருக்கு. அதான் கேக்குறேன். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா எங்களுக்கும் ஒரு கணக்கு கிடைக்கும்.” டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் கார்டைப் பார்த்தேன். டாக்டர்கள் எல்லாரிடமும் இப்படித்தான் கேட்பார்கள் போல.

வெளியே வந்து உங்கப்பா ஃப்ளோரா சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், அம்மா ரத்தமும் பிள்ளை ரத்தமும் எப்படி ஒண்ணுக்கொண்ணு ஆகாமப் போகும்?”

“இவங்களுக்கு நெகட்டிவ். ஒங்களுக்கு பாசிட்டிவ். பிள்ளைக்கு ஒங்க ரத்த வகை வந்துருக்கு சார். அது அவங்க உடம்புக்கு அந்நியமாத் தெரியுது.”

“அப்ப, எங்கிட்ட இருந்து வந்ததுதான் பிள்ளைக்கு ஆகலையா?”

“அப்படி இல்ல சார்” என்று சிஸ்டர் ஏதோ சொல்ல வருவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும் வரைக்கும் உங்கப்பா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம், “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 25

வயிற்றின் வழியாக ஊசி விட்டு, தொப்புள்கொடியில் குத்தி, பிள்ளைக்கு ரத்தம் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த நெகட்டிவ் ரத்தம். பிள்ளை அசையாமல் இருக்க அதற்கும் ஒரு மருந்து. எல்லாம் ஸ்கேன் திரையில் டிவி மாதிரித் தெரிந்ததாம். நான் பார்க்கவில்லை. உத்தரத்தில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்று எழுதுவதற்கு அசைவு இல்லை. மருந்து தெளிய நேரமாகும் என்றார்கள்.

ஜூன் 26

காலையில் ஒன்று. அப்புறம் ஏழு.

ஜூலை 3

உங்கப்பா ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறார். உன்னைச் சுமந்தபோது வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தப் பிள்ளையை இதுவரை தொடவில்லை. எனக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுக்கும்போதுகூட வயிற்றில் இடித்துவிடாமல் தள்ளி நிற்கிறார்.

வேலை அதிகம், அலுப்பாக இருக்கும்.

ஜூலை 14

இரண்டாவது தடவை ரத்தம் ஏற்றினார்கள். அதற்கப்புறம் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உங்கப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். ஃப்ளோரா சிஸ்டர் முன்பக்கத்து அசைவுக் கணக்கைச் சரிபார்த்தார்கள். நோட்டைத் திருப்பப் போனபோது நான் பிடுங்கிக்கொண்டேன்.

“என்ன முனீஸ்வரி, பின்னாடி கோலமா போட்டு வச்சிருக்க?”

“சும்மா, சிஸ்டர்.”

அவர்கள் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நானாகத்தான் கேட்டேன். என் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள் என்று. சொன்னார்கள். மறந்துவிடுவதற்கு முன்னால் எழுதிவைக்கிறேன்.

பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தம் ஒரு சொட்டு எப்போதாவது என் ரத்தத்தில் கலந்துவிட்டால் போதுமாம். என் உடம்பு இது நம்முடையது இல்லை என்று கண்டுகொண்டு, அதற்கு எதிராக ஒன்றைச் செய்யப் பழகிக்கொள்ளுமாம். அதற்குப் பெயர் எதிர்ப்பொருள். ஒரு தடவை பழகிவிட்டால் மறக்காதாம். அடுத்த பிள்ளை உண்டானதும் மறுபடி செய்துவிடுமாம்.

“செஞ்சது என் ஒடம்புலதானே சிஸ்டர் இருக்கும்? பிள்ளைகிட்ட எப்படிப் போகுது?”

“நஞ்சுக்கொடியில அதுக்குன்னே கை மாதிரி ஒண்ணு இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். எதிர்ப்பொருளுக்கு வால் மாதிரி ஒரு முனை உண்டு. அந்த வாலப் பிடிச்சு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுரும். அங்க போயி அது பிள்ளையோட சிவப்பணு மேல ஒட்டிக்கும். ஒட்டுனதோட சரி, அது நேராக் கொல்லாது.”

“அப்ப யாரு கொல்றது?”

“பிள்ளையோட மண்ணீரல்ல சில செல்லு இருக்கு. அதுக்கும் ஏற்பி உண்டு. இது வேற கை. சிவப்பணு மேல ஒட்டிட்டு வால் நீட்டிட்டு நிக்கும்ல, அந்த வாலப் பிடிச்சு அப்படியே முழுங்கிரும். வால் இருந்தா எதிரின்னு அதுக்குச் சொல்லிவச்சிருக்கு. பாவம், அது அது வேலையச் செய்யுது.”

ஏற்பி என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு கை கூட்டிக்கொண்டு போகிறது. இன்னொரு கை பிடித்து முழுங்குகிறது. இரண்டு கைக்கும் நடுவில் போவது என்னிடம் இருந்து போவது.

சிஸ்டர் எழுந்து போகும்போது என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, “முதல் பிள்ளையிலயே ஒடம்பு எப்படிப் பழகுச்சுன்னுதான் எனக்குப் பிடிபடல” என்றார்கள். எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொன்னேன்.

ஜூலை 17, ஆடி 1

எதிர்வீட்டுப் புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக அவள் அம்மா வந்திருந்தார்கள். சீர்த்தட்டு, புதுச்சேலை. மாப்பிள்ளை வாசலில் நின்று செல்போனை நோண்டுகிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் எல்லாரும் அவனைக் கேலி செய்தார்கள். “முப்பது நாளுதான்டா, ஏதோ பட்டாளத்துக்கு அனுப்புற மாதிரி நிக்கிற.” நானும் சிரித்தேன்.

அசைவு பதினொன்று.

ஜூலை 18

நேற்று எழுதாததை எழுதுகிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் என்னையும் எங்கம்மா ஆடிக்கு இப்படித்தான் சாத்தூருக்கு அழைத்துப் போனது. போன இடத்தில்தான் நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. ஆடி முடிந்து போகும்போது மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னது. எனக்கும் அது பிடித்திருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

ஆடி இருபதுக்கு மேல் ஒரு நாள் காலையில் ரத்தம் பட்டது. நிற்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது. இரண்டரை மாதம், தங்கவில்லை என்று சொல்லிக் கழுவிவிட்டார்கள். ரத்தம் என்ன வகை என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று எங்களுக்கும் தெரியாது. மாத்திரைச் சீட்டைக்கூட வாங்காமல் மத்தியானப் பஸ்ஸுக்கு வந்துவிட்டோம்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அம்மா சொன்னது: “அங்க ஒரு வார்த்தை விட்டுறாத. பொறந்த வீட்டுக்குப் போயிக் கலைச்சுட்டு வந்துட்டான்னு காலம் பூராம் பேசுவாங்க. அது உருவே ஆகல. அதெல்லாம் கணக்குல வராது.”

நான் விடவில்லை. அப்புறம் நீ உண்டானாய். நர்ஸம்மா கார்டு எழுதும்போது எத்தனையாவது என்று கேட்டார்கள். முதல் என்று சொன்னேன். எங்கம்மா பக்கத்தில் இருந்தது. பிறந்த இரண்டாம் நாள் நீ மஞ்சளாக இருந்தாய். தலைப்பிள்ளைதானே, காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வெயிலில் காட்டினேன். நாலு நாளும் காட்டினேன்.

கணக்கில் வராது என்று அம்மா சொன்னதை என் உடம்பு கேட்கவில்லை. அது எண்ணி வைத்திருக்கிறது.

ஜூலை 21

அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பேச்சை எடுத்தேன்.

“செத்துப்போனதக் கிண்டி என்னடி ஆகப்போகுது? வயித்துல இருக்குறதப் பாரு.”

“அதப் பாக்கத்தாம்மா கேக்குறேன்.”

“மாப்பிள்ளைகிட்ட ஒளறித் தொலைச்சுறாத. நல்ல மனுசன். அவரு மனசு விட்டுப்போச்சுன்னா அப்புறம் ஒட்டாது.” மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. “நான் என்னத்தக் கண்டேன் முனீசு” என்றது. வைத்துவிட்டது.

ஜூலை 28

மத்தியானம் ரசம் வைத்தேன். உங்கப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முனீசு, இந்தப் பிள்ளைக்கு அப்புறம் வேணாம். போதும்.”

“சரிங்க.”

“ஒனக்கு வேற எவனாவது நெகட்டிவ்காரன் வாச்சிருந்தா அந்தப் பொண்ணு இருந்துருக்கும். இப்ப பால்வாடிக்குப் போற வயசு. எங்கிட்ட இருந்து வந்ததுதான அதக் கொன்னுச்சு. இதையும் என்ன பண்ணுதோ.”

நாற்பது நாளாக இதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறார் போல. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். “ரசம் ஆறிப்போச்சு” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணினேன். கொதிக்கிற வரைக்கும் நின்றேன்.

ஜூலை 30

அசைவு எட்டு. வேலைக்குப் போகவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடி 18

இன்றைக்குத்தான் காலண்டர் கம்பெனிகளில் எல்லாம் பூஜை போட்டு, அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் இருக்கிற புது ஆல்பத்தை வெளியில் எடுப்பார்கள். உங்கப்பா மத்தியானம் லட்டும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வந்தார். சட்டையில் சந்தனம். நல்ல முகமாக இருந்தார். அந்த முகத்தில் சொன்னேன். வேறு எந்த நாளில் சொன்னாலும் இதே வலிதான்.

“எத்தனை மாசம்?”

“ரெண்டரை.”

“எப்ப?”

“நம்ம தலை ஆடி.”

லட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தார். “அந்த ஆடியில நான் ஒன்னப் பாக்க வந்தேன். ஒங்கம்மா வாசல்லயே நிறுத்தி ஒனக்குக் காச்சல்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“பிரெட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.”

“சாப்பிட்டேன்.”

“டாக்டரு கேட்டப்ப நானுல்ல இல்லைன்னு சொன்னேன். பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தியே” என்றார். அப்புறம் கேட்டார்: “அந்தப் பொண்ணு பொறந்தப்ப இது தெரிஞ்சிருந்தா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். “தெரிஞ்சிருந்தா முன்னாடியே பாத்திருப்பாங்களாம். பொறந்த ஒடனே லைட்டுல வச்சு, ரத்தம் மாத்தியிருப்பாங்களாம். சிஸ்டர் பொதுவாச் சொன்னாங்க.”

எழுந்து மிஷினுக்குப் போய்விட்டார். சந்தனம் காயவே இல்லை.

ஆகஸ்ட் 5

பேசவில்லை.

ஆகஸ்ட் 6

பேசவில்லை. தண்ணீர்க் குடம் மட்டும் தூக்கி வைத்தார்.

ஆகஸ்ட் 8

மூன்றாவது தடவை. தனியாகத்தான் போனேன். “வீட்டுக்காரரு?” என்று சிஸ்டர் கேட்டார்கள். “சீசன் ஆரம்பிச்சிருச்சு சிஸ்டர், லீவு கிடைக்கல.” சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊசி போடும்போது கையைக் கொடுத்தார்கள். நான் அதை நகம் பதியப் பிடித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது விருதுநகரில் உட்கார இடம் கிடைத்தது. அதுவரை நின்றேன்.

ஆகஸ்ட் 17

வேலையில் இருந்து வந்து பார்த்தால் அடுப்படித் தட்டில் ஒரு பிரெட் பாக்கெட் இருந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

இரண்டு துண்டு சாப்பிட்டேன். அவருக்கு இரண்டு வைத்தேன். ராத்திரி தட்டைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன், சாப்பிட்டிருந்தார்.

ஆகஸ்ட் 30

நாலாவது தடவை. உங்கப்பா வந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார். பேச்சு அதிகம் இல்லை. “சட்னி காரமா இருக்கா?” “இல்ல.” அவ்வளவுதான்.

செப்டம்பர் 11

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு வயிற்றைக் கிழித்து எடுப்பார்கள். சீட்டுப் போடுகிற இடத்தில் வரிசை. எனக்கு நிற்க முடியவில்லை, தூணில் சாய்ந்து நின்றேன். உங்கப்பா ஜன்னலில் நின்றார். கண்ணாடி போட்ட ஒரு அக்கா தலையைத் தூக்காமல் கேட்டு எழுதினார்கள்.

“பேரு?”

“முனீஸ்வரி.”

“எத்தனாவது பிரசவம்?”

“மூணாவதுங்க.”

“உசுரோட?”

“இதுவரைக்கும் இல்லைங்க.”

அந்த அக்கா அப்போதுதான் தலையைத் தூக்கினார்கள். “கார்டுல ரெண்டுன்னுல்ல இருக்கு?”

“அது தப்புங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். மாத்தி எழுதிக்கங்க.”

அடித்துவிட்டு எழுதினார்கள். உங்கப்பா கார்டை வாங்கி, மை காயட்டும் என்று ஊதினார். என் பக்கம் வந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “நட, லிஃப்ட் அந்தப் பக்கம்” என்றார். வயிற்றில் இடித்துவிடும் என்று தள்ளிப் போகாமல், என்னை ஒட்டியே நடந்து வந்தார்.

செப்டம்பர் 12

உனக்குத் தம்பி. இரண்டு கிலோ நூறு. அழுதான். உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செப்டம்பர் 14

மஞ்சள் ஏறுகிறது. நீல லைட்டுக்கு அடியில் கண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போய்க் காட்டினார்கள். உன் நிறம். அதே நிறம்.

செப்டம்பர் 17

ஆறாம் நாள். எழுத ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 18

ஏழாம் நாள். நீ பார்க்காத நாள்.

காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் இறங்க ஆரம்பித்திருக்கிறது. ரத்தம் மாற்ற வேண்டாம், லைட்டே போதும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். இன்னும் சில வாரத்துக்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டியும் வரலாம் என்றும் சொன்னார்கள். என்னிடம் இருந்து போனது இன்னும் அவனுக்குள் இருக்கிறதாம். தானாகக் கரைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம்.

உங்கப்பா கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “மூக்கு ஒங்கம்மா மூக்கு” என்றார். அம்மாவைப் பற்றி அவர் பேசியது ஆடிக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. போன் போட்டுச் சொல்லு, வரச் சொல்லு என்றும் சொன்னார்.

ஃப்ளோரா சிஸ்டர் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்துதானாம்.

“அதுக்குள்ள அம்மை வந்துட்டா சிஸ்டர்?”

“ஒனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுருக்கா?”

“மூணாவது படிக்கும்போது மணல்வாரி போட்டுச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாசம் போகல.”

“மணல்வாரின்னா தட்டம்மைதான். அப்ப அதுக்கும் ஒன் ஒடம்புல எதிர்ப்பொருள் இருக்குல்ல. அதுவும் இவனுக்குள்ள போயிருக்கும். கொஞ்ச மாசத்துக்கு அது காக்கும். அதனாலதான் ஊசியத் தள்ளிப் போடுறது.”

“எப்படிப் போச்சு?”

“முன்ன சொன்னேன்ல, நஞ்சுக்கொடியில இருக்குற கை. அதே கைதான். அதுக்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. வாலப் பாக்கும், பிடிக்கும், கொண்டுபோயி விடும்.”

சிஸ்டர் போய்விட்டார்கள். நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பக்கத்தில் எழுத இனி அசைவு இல்லை. நடுவில் இரண்டு தாள்தான் மிச்சம்.

பொட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் தங்காமல் போனதற்கு நான் பெயர்கூட யோசிக்கவில்லை. உனக்காவது ஒரு பெயர் மனசுக்குள் வைத்தேன். உனக்கு என்னிடம் இருந்து வந்தது அந்த விஷம் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பில் நான் பட்ட அம்மை, நான் விழுந்து எழுந்த காய்ச்சல்கள், அதில் நான் தேடிவைத்த காப்பு, எல்லாம் அதே கை வழியாகத்தான் போகுமாம். ஆறு நாளில் உனக்கு அதற்கு வேலையே வந்திருக்காது.

ஆனாலும் கேட்கிறேன். அந்த நல்லதும் உன்னிடம் வந்து சேர்ந்ததா?